மூடிய சிப்பியும் முரண்பட்ட இரண்டு அட்டவணைகளும்: பைருவேட் கைனேஸ் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில், அடுத்தடுத்த இரண்டு எம்.எஸ்சி. பேட்ச்கள் ஒரே கேள்விக்கு நேர் எதிரான விடைகளைக் கொண்டுவந்தன. ஆக்சிஜன் கிடைக்காமல் சில மணி நேரம் இருந்த பச்சைச் சிப்பியின் (கிரீன் மஸல்) தசையில் பைருவேட் கைனேஸ் என்ற நொதியின் வேகம் குறைகிறதா என்பதுதான் கேள்வி. முதல் ஆண்டு ஒரு மாணவர் தனியாகச் செய்த பிராஜெக்டில் வேகம் தெளிவாகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு இரண்டு மாணவிகள் சேர்ந்து செய்தார்கள். அவர்களுடைய அட்டவணையில் மூச்சடைத்த சிப்பிக்கும் சாதாரணச் சிப்பிக்கும் வித்தியாசமே இல்லை.

இது வெறும் அறிவியல் கருத்து வேறுபாடாக நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் துறையில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது: போன வருஷப் பையன் எண்களை உட்கார்ந்து எழுதிவிட்டானோ? அவர் அதற்குள் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார். வழிகாட்டியாக இருந்த மேடம் இரண்டு பேட்ச்களின் ஆய்வகக் குறிப்பேடுகளையும் என்னிடம் கொடுத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார், நான் ரெண்டு பக்கமும் வேண்டியவளா இருக்கேன்" என்றார். இந்த ஆய்வு அந்தக் குறிப்பேடுகளில் இருந்து தொடங்குகிறது. எங்கே முடிந்தது என்பதைவிட, வழியில் என்னென்ன தடுக்கி விழவைத்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

நொதியும் அது நிற்கும் இடமும்

சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸ் பாதையில் கடைசிப் படி பைருவேட் கைனேஸுடையது. பாஸ்போஈனால்பைருவேட் என்ற பொருளில் இருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி அடினோசின் டைபாஸ்பேட்டுக்குக் கொடுக்கிறது. ஒரு பக்கம் பைருவேட், மறுபக்கம் ஏ.டி.பி. (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) என்கிற ஆற்றல் நாணயம். அந்த நீளப் பெயரை ஆய்வகத்தில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை, பெப் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். நொதி வேலை செய்ய மெக்னீசியமும் பொட்டாசியமும் வேண்டும். பாதையின் மேல்பகுதியில் உருவாகும் ஃபுரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் இதை முடுக்கும். அலனின் என்ற அமினோ அமிலமும் ஏ.டி.பி.யும் அடக்கும்.

நம் உடம்பில் இந்தப் படி கிட்டத்தட்ட ஒருவழிப் பாதை. சிப்பியில் கதை வேறு. அங்கே பெப் என்பது பேசின் பிரிட்ஜ் ரயில் சந்திப்பு மாதிரி. சென்ட்ரலில் கிளம்பும் எல்லா வண்டியும் அதுவரை ஒன்றாக வரும், அதன் பிறகு சில கூடூர்ப் பக்கம் போகும், சில அரக்கோணம் பக்கம் போகும். ஆக்சிஜன் இருந்தால் பெப் பைருவேட் கைனேஸ் வழியாகப் பைருவேட்டாகி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுதாக எரிகிறது. ஆக்சிஜன் இல்லாத நிலை நீடித்தால் பெப்-கார்பாக்சிகைனேஸ் என்ற இன்னொரு நொதி அதைப் பிடித்து ஆக்சலோஅசிடேட்டாக மாற்றுகிறது. அது மேலேட், ஃபியூமரேட் என்று போய்ச் சக்சினேட்டில் தேங்குகிறது. இன்னும் நேரமானால் புரோப்பியோனேட் வரை போகும்.

இந்தச் சுற்றுவழியால் என்ன லாபம்? கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையில் உள்ள ஒரு குளுக்கோஸ் அலகு நம் தசையில் லாக்டேட்டாக முடிந்தால் கிடைப்பது 3 ஏ.டி.பி. சிப்பியில் சக்சினேட்டில் முடிந்தால் சுமார் 5, புரோப்பியோனேட்டில் முடிந்தால் 6க்கு மேல். ஆக்சிஜனோடு எரித்தால் கிடைக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஏ.டி.பி.யோடு ஒப்பிட்டால் இது சில்லறைதான். ஆனாலும் மூடிய ஓட்டுக்குள் சில்லறை இரட்டிப்பாவது பெரிய விஷயம். ஃபியூமரேட்டைச் சக்சினேட்டாக்கும் வினைக்கு ரோடோகுவினோன் என்ற தனி மூலக்கூறு துணை செய்கிறது. பாலூட்டிகளில் அது கிடையாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சக்சினேட் நாக்குக்கும் தெரியும் பொருள். மட்டி, சிப்பிச் சாற்றுக்கு இருக்கும் அந்தக் கெட்டியான சுவையில் அதற்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம்விட முக்கியமான சேமிப்பு இன்னொன்று. பெரும்பாலான உயிரணுக்களில் ஆக்சிஜன் குறைந்தால் சர்க்கரை உடையும் வேகம் கூடும், பாஸ்டர் விளைவு என்று பாடத்தில் படித்ததுதான். சிப்பி அதற்கு எதிராகச் செய்கிறது. செலவையே குறைத்துவிடுகிறது. நீல மஸல் போன்ற சிப்பிகள் ஆக்சிஜன் இல்லாத நிலையில் தங்கள் ஆற்றல் செலவைச் சாதாரண அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகின்றன. அப்படிக் குறைக்க, சர்க்கரைப் பாதையை யாராவது பிடித்து இறுக்க வேண்டும். இறுக்கும் இடங்களில் ஒன்று பைருவேட் கைனேஸ். அதனால்தான் இந்த நொதியின் வேகம் குறைகிறதா இல்லையா என்பது இரண்டு மாணவிகளின் அட்டவணையைத் தாண்டிய கேள்வியாகிறது.

ஐம்பது ஆண்டு முன்கதை

இந்தப் பிரச்சினை சென்னைக்குப் புதிது, உலகத்துக்குப் பழையது. 1971இல் முஸ்தபாவும் ஹோச்சாச்காவும் பசிபிக் ஆளியின் (ஆய்ஸ்டர்) திசுக்களில் பைருவேட் கைனேஸின் குணங்களை விரிவாக எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஹோச்சாச்காவும் முஸ்தபாவும் முதுகெலும்பற்ற உயிரினங்கள் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் விதம் பற்றிப் பொதுவான ஒரு படம் கொடுத்தார்கள். அமிலத்தன்மை கூடுவதும் அலனின் தேங்குவதும் பைருவேட் கைனேஸை அடக்கும், அதே அமிலத்தன்மை பெப்-கார்பாக்சிகைனேஸுக்குச் சாதகமாக இருக்கும், எனவே தண்டவாளம் தானாக மாறும் என்பது அந்தப் படத்தின் சாரம். நெதர்லாந்தில் டி ஸ்வான், ஹோல்வெர்டா குழுவினர் நீல மஸலை வைத்து இதே கேள்வியை ஆண்டுக்கணக்கில் கிண்டினார்கள்.

ஆனால் அமிலமும் அலனினும் மட்டும் போதவில்லை. திசுவை அரைத்து, அலனினை நீக்கி, இரண்டு மாதிரிகளையும் ஒரே பி.ஹெச்.சில் வைத்து அளந்தபோதும் மூச்சடைத்த சிப்பியின் நொதி மந்தமாகவே இருந்தது. அப்படியென்றால் நொதியே மாறியிருக்க வேண்டும். 1979இல் சீபெனாலர் நீல மஸலில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும்தான் இந்த மாற்றம் என்று காட்டினார். 1984இல் கனடாவில் பிளாக்ஸ்டனும் ஸ்டோரியும் பூசிகோட்டைப்பஸ் என்ற சங்கு வகைக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் செலுத்தி, ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் சிவப்புத் தசையின் பைருவேட் கைனேஸில் அந்தப் பாஸ்பரஸ் வந்து ஒட்டுவதை உயிருள்ள விலங்கிலேயே நிறுவினார்கள். பாஸ்பேட் ஏறிய நொதி பெப்பைப் பிடிக்கும் திறனை இழக்கிறது, அலனினுக்குச் சீக்கிரம் பணிகிறது, அதன் உச்ச வேகமும் குறைகிறது.

பாலூட்டிகளின் கல்லீரலிலும் இதே நொதியின் ஒரு வடிவத்தில் பாஸ்பேட் ஏறும். 1974இல் உப்சாலாவில் கண்டது அது. அங்கே குளுக்ககான் ஹார்மோன் சுழல் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு வழியாகக் கட்டளை கொடுக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் இருப்பது இந்தக் கதை மட்டும். பூசிகோட்டைப்பஸ் சங்கில் கட்டளை சுழல் ஜி.எம்.பி. வழியாக வருவதாகப் பின்னால் ஸ்டோரியின் ஆய்வகம் காட்டியது. மாணவிகள் இருவரும் கல்லீரல் கதையை மனதில் வைத்துத்தான் சிப்பிக்குள் இறங்கியிருந்தார்கள். அதில் தவறில்லை, ஆனால் பாடப்புத்தகக் கதை சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. சிப்பியைக் கொன்ற பிறகும் நொதியில் இருந்து பாஸ்பேட் கழன்றுகொண்டே இருக்கும் என்பதை யாரும் அவர்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

குறிப்பேடுகளில் இருந்தவை

முதலில் பழைய மாணவரின் குறிப்பேடு. எண்ணூர்ப் பக்கம் கற்களில் இருந்து தானே சிப்பி சுரண்டி எடுத்திருக்கிறார். வாளியில் கடல்நீர், பேட்டரியில் ஓடும் மீன்தொட்டி ஏர் பம்ப், பஸ்ஸில் பயணம். கல்லூரிக்கு வந்ததும் தொட்டியில் விட்டு, ஓடு திறந்து காலை நீட்டத் தொடங்கிய பிறகே சோதனைக்கு எடுத்திருக்கிறார். அப்புறம் ஒரு பாதியை நைட்ரஜன் குமிழி விட்ட கடல்நீரில் மூடிவைத்தார். தசையை வெட்டியதும் பனிக்கட்டியில் வைத்து உடனே அரைத்தார். அரைக்கும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) இமிடசோல், ஈ.டி.டி.ஏ., சோடியம் ஃபுளோரைடு. இந்தச் செய்முறையை ஒரு கனடா ஆய்வுக் கட்டுரையில் இருந்து வரிக்கு வரி எடுத்திருக்கிறார். ஃபுளோரைடு ஏன் என்று அவருக்கே தெரிந்திருந்ததா என்பது குறிப்பேட்டில் இல்லை. தெரியாமலும் இருக்கலாம். சரியான செய்முறைக்குக் கை கட்டிக்கொண்டு கீழ்ப்படிவதும் ஒரு திறமைதான்.

மாணவிகளின் குறிப்பேடு இன்னும் நேர்த்தியானது. கையெழுத்து அழகு, ஒவ்வொரு அளவீடும் மூன்று முறை, பிழைக்கோடு, புள்ளியியல் எல்லாம் உண்டு. சிப்பியைக் காசிமேட்டில் வாங்கியிருக்கிறார்கள். துறைமுகக் கற்களில் முங்கி எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறார். "வாய் தொறந்தா போச்சும்மா, மூடியிருந்தா உசுரோட இருக்குன்னு அர்த்தம்" என்று அவர் சொன்னதைக்கூட ஓரத்தில் குறித்து வைத்திருந்தார்கள். ஆய்வகத்துக்கு வந்ததும் பாதிச் சிப்பிகளை அப்படியே வெட்டிக் 'கன்ட்ரோல்' என்று வைத்துக்கொண்டார்கள். மீதியை நைட்ரஜன் விட்ட நீரில் போட்டார்கள். பஃபரில் ஃபுளோரைடு இல்லை. துறையில் இருந்த பாட்டில் தீர்ந்துபோய், புதிதாக வாங்கக் கொடுத்த இன்டென்ட் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அது விஷம், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரைத்த சாற்றில் அம்மோனியம் சல்ஃபேட் போட்டு இரவு முழுதும் 4 டிகிரியில் வைத்து, மறுநாள் வீழ்படிவில் இருந்து நொதியை எடுத்தார்கள். பழைய மாணவர் இந்தப் படியே செய்யவில்லை. வேலையை இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் இவர்களாகச் சேர்த்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் எண்களை யாரும் இட்டுக்கட்டவில்லை என்பது எனக்குப் பட்டது. ஆனால் படுவதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதே. வித்தியாசங்கள் பல இருந்தன. எது எவ்வளவு விளையாடியது என்று பிரித்தாக வேண்டும்.

மூன்று சந்தேகங்கள்

முதல் சந்தேகம் கன்ட்ரோல் மேலேயே. சாக்குக்குள் காசிமேட்டில் இருந்து கல்லூரி வரை வந்த சிப்பி மூடியே இருந்தது. காசிமேட்டுக்காரருக்கு மூடிய ஓடு உயிரின் அடையாளம், சரிதான். உயிர்வேதியியலுக்கு அதே மூடிய ஓடு மூச்சடைப்பின் அடையாளம். ஓடு மூடிக்கொண்டால் உள்ளே சிக்கிய கொஞ்ச நீரின் ஆக்சிஜன் விரைவில் தீரும். சென்னை வெயிலில் சாக்கின் உள்வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வாய்ப்பில்லை, எனவே இன்னும் விரைவாகத் தீரும். ஆக, மாணவிகளின் கன்ட்ரோலும் ஓரளவு மூச்சடைத்த சிப்பிதான். மூச்சடைத்ததை மூச்சடைத்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆக்சிஜன் போன முதல் கட்டத்தில் பைருவேட் கைனேஸ் உடனே படுத்துவிடுவதில்லை. அப்போது சிப்பி அஸ்பார்ட்டேட்டை ஆக்சலோஅசிடேட்டாக்கிச் சக்சினேட் பக்கம் அனுப்புகிறது, கிளைக்கோஜனில் இருந்து வரும் பைருவேட்டை அலனினாக்குகிறது. அலனின் உருவாக வேண்டுமானால் பைருவேட் கைனேஸ் ஓடத்தான் வேண்டும். அப்படிச் சேர்ந்த அலனினே பின்னால் அந்த நொதியை அடக்க உதவுகிறது. அஸ்பார்ட்டேட் தீர்ந்து, நொதியில் பாஸ்பேட் ஏறிய பிறகே பெப் முழுதாகச் சுற்றுவழிக்குத் திரும்புகிறது. எத்தனை மணி நேரத்தில் அளந்தோம் என்பது இதனால் விடையையே மாற்றக்கூடியது. ஐரோப்பியக் கட்டுரைகளின் கடிகாரத்தை இங்கே நம்ப முடியாது. அங்கே குளிர்ந்த நீரில் நீல மஸல் ஆக்சிஜன் இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். இங்கே வெதுவெதுப்பான நீரில் எல்லாமே வேகம்.

இரண்டாவது சந்தேகம் ஃபுளோரைடு. உயிரோடு இருக்கும்போது புரதக் கைனேஸ் என்ற வேறொரு நொதி பைருவேட் கைனேஸில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, பாஸ்படேஸ் என்ற நொதி இறக்குகிறது, இரண்டும் ஒரு சமநிலையில் நிற்கின்றன. திசுவை அரைத்தவுடன் ஏற்றுகிறவருக்கு வேண்டிய ஏ.டி.பி. நீர்த்துப்போய்விடும். இறக்குகிறவருக்கு எதுவும் வேண்டாம். ஃபுளோரைடு இருந்தால் அந்தப் பாஸ்படேஸ்களில் பெரும்பாலானவை கட்டுப்படும், மெக்னீசியத்தை நம்பி இருப்பவற்றை ஈ.டி.டி.ஏ. பார்த்துக்கொள்ளும். மாணவிகளின் குழாயில் இரவு முழுதும் பாஸ்படேஸ்கள் பொறுமையாகத் தங்கள் வேலையைப் பார்த்திருக்கக்கூடும். காலையில் அளந்தபோது இரண்டு குழாய்களிலும் இருந்தது பாஸ்பேட் இழந்த, சுறுசுறுப்பான நொதி. இந்த விளக்கம் உண்மையானால் அவர்கள் அளந்தது சிப்பியின் நிலையை அல்ல, இரவு கழிந்த குழாயின் நிலையை.

முதல் இரண்டு சந்தேகங்களும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதைக் கவனிக்க வேண்டும். சாக்கு காரணமென்றால் இரண்டு மாதிரிகளும் மந்தமாக இருந்திருக்கும். ஃபுளோரைடு இல்லாதது காரணமென்றால் இரண்டும் சுறுசுறுப்பாக இருந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான், வித்தியாசமின்மை. ஆனால் இழுத்த திசையைக் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது சந்தேகம் அளக்கும் முறை. பைருவேட் கைனேஸை நேரடியாக அளப்பதில்லை. உருவாகும் பைருவேட்டை லாக்டேட் டிஹைட்ரஜனேஸிடம் ஒப்படைத்து, அப்போது என்.ஏ.டி.ஹெச். என்ற துணைப்பொருள் செலவாகிக் குறைவதை 340 நானோமீட்டரில் ஸ்பெக்ட்ரோ என்ற ஒளியளவிக் கருவியில் பார்க்கிறோம். சிப்பியின் சொந்த லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் மிகக் குறைவு, எனவே முயல் தசையில் இருந்து எடுத்து விற்கும் நொதியைச் சேர்க்க வேண்டும். இரண்டு பேட்ச்களும் இதைச் சரியாகவே செய்திருந்தன. ஆனால் அளக்கும் சின்னக் குப்பியான க்யூவெட்டில் பெப் எவ்வளவு? மாணவிகள் 5 மில்லிமோலார் போட்டிருந்தார்கள். நொதி மூச்சு முட்ட முட்டத் தின்னும் அளவு அது. பாஸ்பேட் ஏறிய நொதியின் முதல் குறை, பெப்பைப் பிடிக்கும் கையில் வலுவில்லாதது. இவ்வளவு பெப் கொட்டினால் வலுவில்லாத கையும் நிறைந்துவிடும், குறை மறைந்துவிடும். உயிருள்ள திசுவில் பெப் ஒரு மில்லிமோலாருக்கு வெகு கீழேதான் இருக்கும். பழைய மாணவர் பல செறிவுகளில் அளந்து வளைகோடு வரைந்திருந்தார். அவருடைய வளைகோட்டிலும் பெப் கூடிய வலது ஓரத்தில் இரண்டு கோடுகளும் நெருங்கி வந்திருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் குறிப்பேட்டை இரண்டாம் முறை புரட்டியபோதுதான் பார்த்தேன். எண்களை இட்டுக்கட்டுகிறவன் இப்படி ஓரத்தில் தன் கதைக்கே சற்று எதிராகப் போகும் புள்ளிகளை வைக்க மாட்டான் என்பது என் கணிப்பு. மேடமும் ஒத்துக்கொண்டார்.

மறுசோதனை

மாணவிகளே மறுபடி செய்தார்கள். வைவாவுக்கு நாள் இருந்தது, அது நல்ல காலம். இன்டென்டும் ஒருவழியாகத் தூக்கம் கலைந்து ஃபுளோரைடு வந்து சேர்ந்தது.

காசிமேட்டுச் சிப்பியே போதும் என்று முடிவு செய்தோம். எண்ணூர் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய பிறகு, அந்த இடத்துச் சிப்பியில் எதைப் பார்த்தாலும் எண்ணெயா ஆக்சிஜனா என்ற கேள்வி கூடவே வரும். சிப்பிகளைக் காற்றடித்த கடல்நீரில் விட்டு, மூடியவை திறந்து நீர் வடிக்கத் தொடங்கும்வரை காத்திருந்தார்கள். கன்ட்ரோல் அதிலிருந்து எடுத்தது. கூடவே ஒரு மூன்றாவது தொகுதி வைக்கச் சொன்னேன்: சாக்கில் இருந்து நேராக எடுத்த, தொட்டியைக் காணாத சிப்பி. வெட்டிய தசையைத் திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்தார்கள். மின்சாரம் போனால் துறையின் டீப் ஃப்ரீசரை நம்ப முடியாது என்பதால் அரைப்பதைத் தள்ளிப்போடாமல் அன்றே முடிக்க ஏற்பாடு. ஒவ்வொரு தசையையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை ஃபுளோரைடு பஃபரில், மற்றதை ஃபுளோரைடு இல்லாத பஃபரில் அரைத்தார்கள். அம்மோனியம் சல்ஃபேட் படியைக் கைவிட்டு, சின்ன செஃபடெக்ஸ் பத்தி (சிறு மூலக்கூறுகளைத் தனியே பிரிக்கும் குழாய்) வழியாகச் சாற்றை ஓடவிட்டு அலனினையும் ஃபுரக்டோஸ் பிஸ்பாஸ்பேட்டையும் ஃபுளோரைடையும் நீக்கினார்கள். க்யூவெட்டில் குறைந்த பெப்பும் நிறைந்த பெப்பும், அலனின் சேர்த்தும் சேர்க்காமலும்.

இங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வி நன்றாக இருந்தது. சிப்பியில் அலனோபின் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி உண்டு, அது பைருவேட்டையும் அலனினையும் சேர்த்து என்.ஏ.டி.ஹெச்.சைச் செலவழிக்கும். க்யூவெட்டில் அலனின் சேர்த்தால் அது குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்காதா சார்? கெடுக்காது. அந்த வழியிலும் ஒரு பைருவேட்டுக்கு ஒரு என்.ஏ.டி.ஹெச்.தான் செலவாகிறது, லாக்டேட் வழியிலும் அதே கணக்கு. பைருவேட் எந்த வாசலில் வெளியேறினாலும் எண்ணிக்கை மாறாது. அடினோசின் டைபாஸ்பேட் சேர்க்காத வெற்று அளவீடு ஒன்று இருந்தால் போதும், பெப் வேறு வழிகளில் போவதைக் கழித்துவிடலாம்.

விளைவை எண் இல்லாமல் சொல்கிறேன். சிறிய மாதிரி, ஒரே பருவம், அதில் கிடைத்த எண்களுக்கு வெளியே மதிப்பு இல்லை. ஃபுளோரைடு பஃபரில் அரைத்த கால் தசையில், குறைந்த பெப்பில், மூச்சடைத்த சிப்பியின் நொதி கன்ட்ரோலைவிடத் தெளிவாக மந்தமாக இருந்தது. அலனின் சேர்த்தபோது இடைவெளி இன்னும் அகன்றது. நிறைந்த பெப்பில் இடைவெளி சுருங்கியது. ஃபுளோரைடு இல்லாமல் அரைத்து, அறை வெப்பத்தில் சற்று நேரம் விட்ட சாற்றில் வித்தியாசம் கரைந்தே போனது, அதுவும் மூச்சடைத்த நொதி சுறுசுறுப்பின் பக்கம் ஏறியதால். அப்போது இரண்டாவது சந்தேகமே பெரிய பங்குக்குச் சொந்தம் என்று தெரிந்தது.

சாக்குத் தொகுதி எங்கே நின்றது? நடுவில். சில சிப்பிகள் கன்ட்ரோல் பக்கம், சில மூச்சடைத்தவை பக்கம். சாக்கின் மேலே இருந்ததா அடியில் இருந்ததா, எப்போது பறித்தது என்பதையெல்லாம் பொறுத்தது போல. கன்ட்ரோலாக வைக்க இதைவிட மோசமான தொகுதி கிடையாது. ஏனென்றால் அது சராசரியை மட்டும் நகர்த்தவில்லை, பிழைக்கோட்டையும் நீட்டுகிறது. மாணவிகளின் முதல் அட்டவணையில் பிழைக்கோடுகள் ஏன் அவ்வளவு அகலம் என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, மூச்சடைத்த சிப்பியின் சாற்றை, ஃபுளோரைடை நீக்கிய பிறகு, ஆல்கலைன் பாஸ்படேஸோடு சேர்த்து வைத்தார்கள். மந்தம் போய்விட்டது. பாஸ்பேட்தான் காரணம் என்பதற்கு ஒரு எம்.எஸ்சி. பிராஜெக்டில் இதைவிட நெருக்கமாகப் போக முடியாது. கதிரியக்கப் பாஸ்பரஸ் வைத்துக் காட்டுவதெல்லாம் அனுமதியும் வசதியும் உள்ள இடத்துக்கு உரியது.

செவுளில் மட்டும் விடை தெளிவாகவில்லை. அங்கே கன்ட்ரோலுக்கும் மூச்சடைத்ததற்கும் இடையில் ஒரு போக்கு இருந்தது, ஆனால் நம்பிச் சொல்லும் அளவுக்கு இல்லை. இந்த ஒழுங்கு முறை திசுவுக்குத் திசு மாறுபடுவது பழைய ஆய்வுகளிலும் உள்ளதுதான், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. தீசிசில் செவுள் அட்டவணையைப் பின்னிணைப்பில் போட வேண்டாம், உள்ளேயே வையுங்கள் என்று சொன்னேன்.

சென்னைக் கரைக்கு இதில் என்ன

ஐரோப்பியக் கட்டுரைகளைப் படித்தால் ஓதம் இறங்கும்போது சிப்பி பல மணி நேரம் வெளியே கிடக்கிறது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். சென்னைக்கு அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவது எனக்கு உடன்பாடில்லை. இங்கே பெரிய ஓதத்திலும் நீர்மட்ட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். காசிமேட்டுக் கல்லில் ஒட்டிய சிப்பியில் பெரும்பகுதி தண்ணீரை விட்டு நீண்ட நேரம் வெளியே வருவதே இல்லை.

இங்கே ஓட்டை மூடவைக்கும் காரணங்கள் வேறு. வடகிழக்குப் பருவமழையில் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு கொண்டுவந்து கொட்டும் நன்னீர் ஒன்று. உப்பு சட்டென்று குறைந்தால் சிப்பி மூடிக்கொள்ளும், மூடினால் ஆக்சிஜன் தீரும், தீர்ந்தால் இதே பைருவேட் கைனேஸ் கதை. கோடையில் மணல் மேடு அடைத்த முகத்துவாரத்துக்குள் கழிவுநீர் தேங்கி ஆக்சிஜன் விழுவது இன்னொன்று. மூன்றாவது, கல்பாக்கம் மாதிரி கடல்நீரைக் குளிர்விக்க இழுக்கும் மின்நிலையங்களின் குழாய். பச்சைச் சிப்பி அங்கே ஒட்டி வளர்ந்து வழியை அடைப்பது பழைய தலைவலி. குளோரினை விட்டுவிட்டு விட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. வாடை வந்ததும் மூடிக்கொண்டு, சக்சினேட்டை உருவாக்கியபடி, குளோரின் போகும்வரை காத்திருக்கும். தொடர்ந்து விட்டால்தான் சாகும், அதற்கும் நாள் பிடிக்கும். மின்நிலையப் பொறியாளர் திட்டுகிற அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் உள்ள பல காரணங்களில் ஒன்று, தசைக்குள் ஒரு நொதியில் ஏறிய பாஸ்பேட்.

வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, போன வருஷ முடிவும் இதுவும் ஒன்றா என்பதுதான். ஒன்று என்றும், தாங்கள் முதலில் எடுத்த அட்டவணை ஏன் வேறாக இருந்தது என்றும் மாணவிகள் சொன்னார்கள். அந்தப் பழைய அட்டவணையையும் தீசிசில் ஒரு பகுதியாக வைத்திருந்தார்கள், அது மேடத்தின் முடிவு. பழைய மாணவருக்கு மேடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, அவர் தன்னைத் துறையில் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒன்றும் பேசாமல், செவுளில் பெப் எவ்வளவு வைத்து அளந்தார்கள் என்று கேட்டாராம்.

அடுத்த பேட்ச்சுக்கு மழைக்கால உப்புக் குறைவை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு இருக்கிறது. பெப்-கார்பாக்சிகைனேஸையும் சேர்த்து அளந்தால்தான் சந்திப்பின் இரண்டு பக்கமும் தெரியும். அதற்கு ஜி.டி.பி. அல்லது ஐ.டி.பி. என்ற வேதிப்பொருள் வேண்டும், விலை அதிகம். இன்டென்ட் ஜூலையிலேயே போட்டாயிற்று.